முதல் பக்கம் மட்டும்

எங்கள் வீட்டு மாடியில் குடியிருந்த அக்காவைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தால், முதலில் அவளுடைய நல்ல குணத்தைத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. அதை விட்டுவிட்டு மற்றதைச் சொன்னால் அந்தத் தெருவில் ஒருவரும் நம்ப மாட்டார்கள், என்னைத்தான் ஒரு மாதிரி பார்ப்பார்கள். அவளால் ஒருவர் முகம் வாடுவதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியாது. எதிரில் இருப்பவரின் முகம் கொஞ்சம் சுருங்கினால் போதும், அவள் வாயிலிருந்து இனிப்பாக ஏதாவது வந்துவிடும். அது நிஜமா என்று பார்ப்பது தன் வேலை இல்லை என்பது அவள் எண்ணம்.

ராஜகீழ்ப்பாக்கத்தில் எங்கள் வீடு. கீழே அப்பாவும் நானும். அம்மா நான் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே போய்விட்டாள். அண்ணன் பம்பாயில் இருந்தான், அவன் கதை பிறகு வருகிறது. மாடியில் அக்காவும் அவள் கணவரும் வாடகைக்கு இருந்தார்கள். கணவருக்கு மருந்துக் கம்பெனியில் ஊர் ஊராகச் சுற்றும் வேலை. அக்கா கிண்டியில் ஒரு ஏற்றுமதிக் கம்பெனியில் கணக்குப் பிரிவில் இருந்தாள். காலையில் தாம்பரத்தில் ரயிலேறுவாள், சாயங்காலம் கையில் சமோசாவோ வேர்க்கடலையோ ஒரு பொட்டலத்தோடு இறங்குவாள். பொட்டலத்தில் பாதி எனக்கு வந்துவிடும். எனக்கு ஒரு அக்கா பிறக்கவில்லையே என்ற குறை அவள் வந்த பிறகு இல்லை.

நான் அப்போது குரோம்பேட்டையில் ஒரு கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். செமஸ்டர் ரிசல்ட் இன்டர்நெட்டில் வரும். தெருவில் இன்டர்நெட் இருந்தது அக்கா வீட்டில் மட்டும்தான். நான் பயத்தில் அவள் கட்டிலில் குப்புறப் படுத்துக்கொண்டு என் பதிவு எண்ணைச் சொன்னேன். அவள் கம்ப்யூட்டரைப் பார்த்தாள், பிறகு திரும்பி என்னைப் பார்த்தாள்.

"மேத்ஸ்ல எழுபத்தெட்டுடி. எலக்ட்ரானிக்ஸ்ல எழுபது. சூப்பர் போ."

நான் கீழே ஓடி அப்பாவிடம் சொன்னேன். அப்பா பேக்கரிக்குப் போய் கேக் வாங்கிவந்து அக்கம்பக்கத்துக்கெல்லாம் கொடுத்தார். மறுநாள் கல்லூரியில் பார்த்தால் ஒரு பாடத்தில் நான் ஃபெயில். சாயங்காலம் அவளிடம் போய்ச் சண்டை போட்டேன். அவள் கொஞ்சமும் அசரவில்லை.

"நான் எல்லாத்துலயும் பாஸ்னு சொன்னேனா? ரெண்டு பேப்பர் மார்க்கதான சொன்னேன். நீ படுத்திருந்த லட்சணத்துக்கு நான் மிச்சத்தையும் சொல்லியிருந்தா நைட்டு சாப்டிருப்பியா? இப்ப பாரு, நல்லா சாப்ட்ட, நல்லா தூங்குன. அரியர் எங்கடி ஓடிடப் போகுது."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளோடு யாரும் கோபமாக இருந்துவிட முடியாது. தின்ற கேக்கைத் திருப்பிக் கேட்கவா முடியும் என்று அப்பாவும் சிரித்துவிட்டார்.

இந்தக் குணத்தோடு அவள் விமான டிக்கெட் எடுத்துக் கொடுக்கிறவளாக ஆனதுதான் வினை.

அதற்கு அவள் ஆசைப்பட்டு அலையவில்லை. அந்த வருஷங்களில் மலிவு விமானங்கள் வந்தன. பேப்பரைத் திறந்தால் முழுப் பக்கத்துக்கு ஒரு ரூபாய் டிக்கெட் என்று விளம்பரம். அந்த ஒரு ரூபாய்க்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி இருக்கும். அந்த நட்சத்திரம் என்ன சொல்கிறது என்று பக்கத்தின் அடியில் கடுகளவு எழுத்தில் போட்டிருப்பார்கள். அதை எங்கள் தெருவில் யாரும் படிக்கவில்லை. மீனம்பாக்கம் பக்கத்திலேயே இருந்தும் மேலே போகிற விமானத்தை அண்ணாந்து பார்த்தே வயசானவர்கள்தான் எல்லோரும். டிக்கெட்டை இன்டர்நெட்டில்தான் எடுக்க வேண்டும், கிரெடிட் கார்டும் வேண்டும். இரண்டும் இருந்தது அக்காவிடம். ஆகவே எல்லோரும் கையில் பணத்தோடு எங்கள் மாடிப்படி ஏறினார்கள்.

கார்டு அவளுடையது என்பதால் டிக்கெட்டில் கொடுக்கிற செல் நம்பரும் அவளுடையதாகவே இருக்கட்டும் என்று எல்லோரும் விட்டுவிட்டார்கள். அவளும் அப்படியே போட்டாள். பலரிடம் செல்போனே இல்லை, இருந்தவர்களுக்கும் அதில் வருகிற மெசேஜைத் திறக்கத் தெரியாது. யார் எங்கே பறந்தாலும் விமானக் கம்பெனிக்குத் தெரிந்த ஒரே நம்பர் எங்கள் மாடி நம்பர்தான். அதில் ஒரு தப்பு இருக்கிறது என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

விளம்பரத்தில் பார்த்த விலையைத்தான் அவள் எல்லோரிடமும் சொல்வாள். உள்ளே போய் ஒவ்வொரு கட்டமாக அழுத்த அழுத்த விலை ஏறும். பெட்ரோலுக்கு ஒன்று, ஏர்போர்ட்டுக்கு ஒன்று, கார்டு தேய்த்ததற்கு ஒன்று, வசதிக் கட்டணம் என்று ஒன்று. யாருக்கு என்ன வசதி என்று அதில் போட்டிருக்காது. வந்தவர் பக்கத்து நாற்காலியில் ஆசையாக உட்கார்ந்திருப்பார். அக்கா அவர் முகத்தைப் பார்ப்பாள், திரையைப் பார்ப்பாள், கூடுதலாக வந்ததில் ஒரு பகுதியைத் தன் தலையில் போட்டுக்கொள்வாள். எனக்கு அது தெரியும், அவள் கணவருக்குத் தெரியாது. தங்கமான பொண்ணு என்று எல்லோரும் சொன்னார்கள். நானும்தான் சொன்னேன்.

டிக்கெட்டை அச்சடித்துத் தருவாள். மூன்று பக்கம் வரும். முதல் பக்கத்தில் பெயர், ஊர், நேரம். மற்ற இரண்டிலும் நிபந்தனைகள். அவள் முதல் பக்கத்தை மட்டும் அச்சடிப்பாள். இங்க் விலை அதிகம் என்பது அவள் சொன்ன காரணம்.

எதிர்வீட்டு ஆன்ட்டி டில்லியில் இருந்த மகளைப் பார்க்க அப்படித்தான் கிளம்பினார். டில்லியில் நல்ல இட்லி மாவு கிடையாதாம். ஆகவே மகளுக்கு ஒரு டேபிள் டாப் கிரைண்டர், கல்லோடு. கூடவே ஊறுகாய், வடாம், நல்லெண்ணெய். "இவ்வளவும் கொண்டுபோகலாமா?" என்று அக்காவிடம் கேட்டபோது நானும் அங்கேதான் இருந்தேன். ஆன்ட்டி கிரைண்டரைத் தடவிக்கொண்டே கேட்டார். அந்த முகத்தைப் பார்த்து யாராலும் முடியாது என்று சொல்லியிருக்க முடியாதுதான்.

"தாராளமா கொண்டு போங்க ஆன்ட்டி. பொண்ணுக்குக் கொண்டு போறீங்க, யாரு கேக்கப் போறா?"

கேட்டார்கள். பதினைந்து கிலோவுக்கு மேல் ஒவ்வொரு கிலோவுக்கும் தனிக் கட்டணம் என்றார்கள். அந்தக் கட்டணத்துக்கு டில்லியிலேயே புதுக் கிரைண்டர் வாங்கிவிடலாம். கூடக் கிளம்பியிருந்த அங்கிள் கிரைண்டரை ஆட்டோவில் ஏற்றி எங்கள் வீட்டுக்குத் திருப்பி அனுப்பினார். ஆட்டோக்காரர் அதை எங்கள் கேட்டில் இறக்கி வைத்துவிட்டு, "இன்னாம்மா, கல்லுக்கெல்லாம் ஃப்ளைட்டு டிக்கெட் போட்டுகினு கீறீங்க" என்று கேட்டுவிட்டுப் போனார். போதாததற்கு, உள்ளே சாப்பாடு உண்டா என்று ஆன்ட்டி கேட்டதற்கு அக்கா உண்டு என்று சொல்லியிருந்தாள். காசுக்குத்தான் உண்டு என்று சொல்லவில்லை. டில்லி போய்ச் சேரும்வரை இருவரும் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை, அதையும் விலைக்குத்தான் விற்றார்களாம்.

திரும்பி வந்து ஆன்ட்டி சத்தம் போட்டார். அக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "சொல்லியிருந்தா நீங்க போயிருக்கவே மாட்டீங்க ஆன்ட்டி. பேரனப் பாத்தீங்களா இல்லியா?" ஆன்ட்டி பேரன் படத்தைக் காட்ட ஆரம்பித்துவிட்டார். கோபம் அங்கேயே கரைந்தது. விமானக் கம்பெனிக்கும் இவளுக்கும் ஒரே வழக்கம்தான், இனிப்பை முன்னால் நீட்டிவிட்டு மிச்சத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருப்பது. கம்பெனி அதில் சம்பாதித்தது, இவள் அதில் செலவழித்தாள், அவ்வளவுதான் வித்தியாசம் என்று நான் கேலியாகச் சொன்னதுண்டு. அவளும் சேர்ந்து சிரித்தாள்.

இனி அண்ணன் கதை. அவன் பம்பாயில் வேலைக்குப் போன இடத்தில் ஒரு மராட்டிப் பெண்ணை ரெஜிஸ்டர் ஆபீஸில் கல்யாணம் செய்துகொண்டு, பிறகு எங்களுக்குச் சொன்னான். அப்பா பள்ளிக்கூட ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்றவர், எங்கள் சர்ச் சபையில் மூப்பர். பெண் யார் என்பதைவிடத் தன்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்பதுதான் அவருக்கு ஆறவில்லை. இனி அவன் பேச்சு இந்த வீட்டில் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அண்ணனும் அவருக்குப் பிறந்தவன்தானே, வீட்டு நம்பருக்குக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டான். மூன்று வருஷம் அப்படியே போயிற்று.

அக்காவால் இதைத் தாங்க முடியவில்லை. என்னிடம் அண்ணன் நம்பரை வாங்கி அவளே அவனிடம் பேச ஆரம்பித்தாள். சாயங்காலம் இறங்கி வந்து அப்பா காதில் விழும்படி என்னிடம் சொல்வாள்.

"உங்கண்ணன் பேசினான்டி. அப்பா கண் ஆபரேஷன் எப்படி ஆச்சுன்னு ஒரே கவலை அவனுக்கு."

அப்பா பேப்பரிலிருந்து தலையை எடுக்க மாட்டார். ஆனால் பக்கத்தையும் திருப்ப மாட்டார். ஒருநாள் நான் கல்லூரிப் பக்கத்து எஸ்.டி.டி. பூத்திலிருந்து அண்ணனிடம் பேசும்போது கண் ஆபரேஷன் பற்றிச் சொன்னேன். "அப்பாவுக்குக் கண் ஆபரேஷனா? எப்ப?" என்று கேட்டான். மாடி அக்கா அவனிடம் சொல்லியிருந்தது வேறு. அப்பா தினமும் ஜெபத்தில் அவன் பெயரைச் சொல்லி அழுகிறார் என்று சொல்லியிருந்தாளாம். அப்பா ஜெபத்தில் அழுது நான் பார்த்ததில்லை. இல்லாத இரண்டு பேரை அவள் உண்டாக்கி, அந்த இருவரையும் சேர்த்து வைத்துக்கொண்டிருந்தாள். எனக்கு அது அப்போது அழகாகத்தான் பட்டது.

சேர்ந்தும் விட்டார்கள், கிட்டத்தட்ட. அண்ணனுக்குக் குழந்தை பிறந்தது. அங்கே ஒரு சர்ச்சில் ஞாயிற்றுக்கிழமை காலை ஆராதனையில் ஞானஸ்நானம். அப்பா வந்து குழந்தையைத் தன் கையால் எடுத்துப் பாதிரியாரிடம் கொடுக்க வேண்டும் என்று அண்ணன் ஆசைப்பட்டான். அதை அக்கா அப்பாவிடம் சொன்னாள். அண்ணன் அதோடு இன்னொன்றும் சொல்லியிருந்தான். இந்தத் தடவை அவர் வராவிட்டால் இனி எதற்கும் கூப்பிட மாட்டேன், அதோடு தீர்ந்தது என்று. அதை அக்கா அப்பாவிடம் சொல்லவில்லை. எனக்கு அண்ணனே சொன்னான்.

அப்பா மூன்றாம் நாள் பணத்தை எண்ணி எடுத்துக்கொண்டு மாடி ஏறினார்.

சனிக்கிழமை மத்தியானம் விமானம். டிக்கெட் எடுத்த நாளிலிருந்து அப்பா வேறு ஆளாகிவிட்டார். குழந்தைக்கு வெள்ளை கவுன் தைக்கக் கொடுத்தார். ஊரிலிருந்து அச்சு முறுக்கு வரவழைத்தார். கிரைண்டர் அனுபவத்துக்குப் பிறகு எடைக் கணக்கை மட்டும் அக்கா சொல்லியிருந்தாள். ஆகவே பெட்டியைத் தெருமுனைப் பழைய பேப்பர் கடைக்குத் தூக்கிக்கொண்டு போய் அங்கிருந்த தராசில் நிறுத்துப் பார்த்தார். பைபிளை மட்டும் வெளியே எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார், வேத புத்தகத்தை எடை போடக் கூடாது என்பது அவர் கட்சி. ஜன்னல் சீட்டுக்குத் தனிக் கட்டணம். அதை அக்கா தன் காசில் கட்டிவிட்டு, "உங்களுக்கு ஃப்ரீயா ஜன்னல் சீட் விழுந்திருக்கு அங்கிள்" என்றாள். அப்பா தெருவில் பார்த்தவர்களிடமெல்லாம் அதைச் சொன்னார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அக்கா இறங்கி வந்தாள். அப்பா வெள்ளைச் சட்டையைத் தானே இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். அவள் வாசலிலேயே நின்று பார்த்தாள்.

"நாளைக்கு நேரம் ஏதும் மாறலயேக்கா? போன மாசம் யாருக்கோ மாத்திட்டாங்கன்னு சொன்னீங்களே" என்று நான் கேட்டேன்.

"அதெல்லாம் ஒண்ணும் இல்லடி. எல்லாம் ஓகே. அங்கிள், இந்தச் சட்டையில மாப்பிள்ள மாதிரி இருப்பீங்க."

மறுநாள் காலை அவள் வழியனுப்ப வரவில்லை. எங்களுக்கு முன்னாலேயே ஆபீஸுக்குக் கிளம்பிப் போயிருந்தாள். ஏதோ அவசர வேலை என்று நினைத்துக்கொண்டேன்.

ஆட்டோவில் ஜி.எஸ்.டி. ரோட்டில் போனோம். அப்பா வழியெல்லாம் ஆட்டோக்காரரிடம் ஜன்னல் சீட்டைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார். ஏர்போர்ட் வாசலில் துப்பாக்கியோடு நின்ற காவலர் டிக்கெட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, பக்கவாட்டில் இருந்த கம்பெனி கவுன்டரைக் காட்டினார். அங்கே இருந்த பெண் கம்ப்யூட்டரைத் தட்டினாள்.

"இந்த ஃப்ளைட் கேன்சல் ஆயிடுச்சு மேடம். உங்க பாசஞ்சர நாளைக்கு ஈவினிங் ஃப்ளைட்டுக்கு மாத்தியிருக்கோம்."

"நாளைக்குக் காலைல அங்க ஞானஸ்நானம். சாயங்காலம் போய் என்ன செய்யறது? ஏன் சொல்லல எங்களுக்கு?"

"வியாழக்கிழமையே மெசேஜ் போயிருக்கே மேடம். புக்கிங்ல குடுத்த நம்பருக்கு." அவள் நம்பரை வாசித்தாள். அக்காவின் நம்பர். "அப்பவே கூப்ட்டிருந்தா இன்னைக்குக் காலை ஃப்ளைட்ல எக்ஸ்ட்ரா எதுவும் இல்லாம போட்டிருப்போம். நேத்து வரைக்கும் சீட் இருந்துச்சு. இப்ப எங்க எல்லா ஃப்ளைட்டும் ஃபுல்."

பக்கத்துக் கம்பெனியின் கவுன்டருக்கு ஓடினேன். அங்கே சீட் இருந்தது. அவர்கள் சொன்ன விலை அப்பாவின் ஒரு மாதப் பென்ஷனைத் தாண்டியது. எங்கள் இருவரிடமும் இருந்ததைச் சேர்த்தாலும் கால்வாசிகூடத் தேறவில்லை. வீட்டுக்குப் போய், பாங்குக்குப் போய் எடுத்து வரலாம் என்றால், சனிக்கிழமை அரை நாள், பாங்கு மூடிவிட்டது. அங்கிருந்த எஸ்.டி.டி. பூத்திலிருந்து அக்காவுக்குப் போன் செய்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. என் வாழ்க்கையில் அன்றுவரை நான் அவளுக்குப் போன் செய்து அவள் எடுக்காமல் இருந்ததில்லை. வெள்ளிக்கிழமை என் கண்ணைப் பார்த்து, எல்லாம் ஓகே என்றவள், அதற்கு முந்தின நாளே எல்லாம் தெரிந்தவள்.

அண்ணனைக் கூப்பிட்டுச் சொன்னேன்.

"காலைல பத்து மணிக்குத்தான் மாடி அக்காகிட்ட பேசினேன். ஃப்ளைட் கரெக்ட் டைம், அப்பா கிளம்பிட்டாருன்னாங்க. இப்ப நீ கேன்சல்ங்கற. வர இஷ்டம் இல்லன்னா நேரா சொல்லலாம்ல. அவருக்காக நீ எதுக்குப் பொய் சொல்லிட்டிருக்க?"

வைத்துவிட்டான். அதன்பிறகு எத்தனை முறை அடித்தும் எடுக்கவில்லை. அப்பா பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தார். அவன் சொன்னதை நான் சொல்லக் கேட்டுத் தலையை ஆட்டினார். எனக்கு அந்த இடத்திலேயே அக்கா கையில் கிடைத்தால் அடிக்க வேண்டும்போல இருந்தது. அண்ணன் பேச்சில் என்ன தப்பு? அவன் கேட்டது விமானத்தின் நேரத்தை. அதற்கும் அவள் இனிப்பாகத்தான் பதில் சொல்லியிருந்தாள்.

சாயங்காலம் அக்கா வந்தபோது அப்பா மாடிப்படியின் கீழேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார், அதே வெள்ளைச் சட்டையில். அவள் கேட்டைத் திறந்ததும் அழ ஆரம்பித்தாள்.

"ரெண்டு நாளா அந்தக் கம்பெனி நம்பருக்கு அடிச்சிட்டே இருந்தேன் அங்கிள். ஹிந்திப் பாட்டு போட்டுட்டே இருந்தாங்க, லைன் கிடைக்கல. எப்படியாவது மாத்திடலாம்னு நெனச்சேன். உங்ககிட்ட சொல்லணும்னு கீழ வந்தேன். நீங்க சட்டைக்கு இஸ்திரி போட்டுட்டிருந்தீங்க. அதப் பாத்துட்டு என்னால சொல்ல முடியல."

"எங்ககிட்ட சொல்லியிருந்தா நேர்லயே போய் மாத்தியிருப்போம்கா. பக்கத்துலதான இருக்கு ஏர்போர்ட்டு" என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

அப்பா கையைக் காட்டி என்னை நிறுத்தினார். அவர் அவளைத் திட்டவில்லை. "போனது போகட்டும்மா. ஒண்ணே ஒண்ணு செய். அவன் எங்கள நம்ப மாட்டேங்கறான். உன்னத்தான் நம்பறான். நடந்தத நடந்தபடி அவன்கிட்ட சொல்லு. நான் கிளம்பி வந்தேன், ஏர்போர்ட் வாசல் வரைக்கும் வந்தேன்னு அவனுக்குத் தெரியணும். வேற ஒண்ணும் வேணாம் எனக்கு."

"இப்பவே சொல்றேன் அங்கிள்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு மேலே போனாள். அரை மணி நேரம் கழித்து இறங்கி வந்தபோது முகம் தெளிந்திருந்தது. "சொல்லிட்டேன் அங்கிள். எல்லாத்தையும் புரிஞ்சுக்கிட்டான். கோவமே இல்ல அவனுக்கு. நாளைக்கு அவனே பேசறேன்னான்." அப்பா அவள் தலையில் கை வைத்து ஆசீர்வாதம் செய்தார். நான் உள்ளே போய்விட்டேன்.

ஞாயிறு காலை சர்ச்சுக்குப் போய்விட்டு வந்து அப்பா போன் பக்கத்திலேயே இருந்தார். மத்தியானம் மணி அடித்தது. மூன்று வருஷத்துக்குப் பிறகு அண்ணன் அந்த நம்பருக்குக் கூப்பிட்டான். அப்பாவுக்குக் காது கொஞ்சம் மந்தம் என்பதால் ரிசீவரில் சத்தம் கூட்டி வைத்திருந்தோம். அவன் பேசியது பக்கத்தில் நின்ற எனக்கும் கேட்டது.

"அப்பா, இப்ப எப்படி இருக்கு? நெஞ்சு வலி கொறஞ்சிருக்கா?"

அப்பா திரும்பி என்னைப் பார்த்தார்.

"அக்கா எல்லாம் சொன்னாங்கப்பா. ஏர்போர்ட்டுக்குக் கிளம்பற நேரத்துல நெஞ்சப் பிடிச்சிட்டு உக்காந்துட்டீங்கன்னு. நான் பயந்துடக் கூடாதுன்னுதான் தங்கச்சி கேன்சல்னு பொய் சொன்னாள்னு. நான் ஒரு மடையன்பா, நேத்து என்னென்னவோ பேசிட்டேன். இனிமே ஃப்ளைட்ல வர்றதெல்லாம் வேணவே வேணாம் உங்களுக்கு. லீவு கெடச்சதும் நானே வர்றேன்."

அவன் குரல் உடைந்திருந்தது. சின்ன வயசில் அடி வாங்கிவிட்டு அப்பாவிடமே வந்து ஒண்டிக்கொள்வானே, அந்தக் குரல். நான் ரிசீவருக்குக் கையை நீட்டினேன். பொய் என்று சொல்லப் போகிறேன் என்பது அப்பாவுக்குத் தெரிந்துவிட்டது. என் கையை விலக்கினார். உறவுக்காரர் கல்யாணத்துக்குப் போகிற அன்று பள்ளி லீவு லெட்டரில் காய்ச்சல் என்று எழுதியதற்காக என்னை முட்டி போட வைத்தவர் அவர்.

"இப்ப பரவாயில்லப்பா" என்றார் அப்பா. "நேத்துதான் கொஞ்சம் இருந்துச்சு."

நான் மாடிக்குப் போனேன். அக்கா கதவைத் திறந்ததுமே, "பேசினானா?" என்று ஆசையாகக் கேட்டாள்.

"அப்பாவுக்கு நெஞ்சு வலின்னு சொன்னீங்களா?"

"வேற என்னடி சொல்றது? கேன்சல்னு நீ சொன்னதயே அவன் நம்பல. நான் மறுபடியும் அதையே சொன்னா நம்புவானா? நேத்துக் காலைல கரெக்ட் டைம்னு நான்தான சொன்னேன்? நெஞ்சு வலின்னதும் அழுதுட்டான் தெரியுமா. மூணு வருஷக் கோவம் ஒரே நிமிஷத்துல போச்சு. ரெண்டு பேரும் பேசிட்டாங்களா இல்லியா, அதச் சொல்லு."

"அவர் உங்ககிட்ட ஒண்ணே ஒண்ணுதான கேட்டாரு."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். எனக்காக ஏதோ இனிப்பாகத் தேடுகிறாள் என்று தெரிந்தது. அது வருவதற்குள் நான் இறங்கி வந்துவிட்டேன். அவள் துரோகி என்று அன்று நினைத்தேன், இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன். தன் தப்பு வெளியே வராமல் இருக்கச் சொன்னாளா, அண்ணன் மனசு நோகாமல் இருக்கச் சொன்னாளா என்று அவளுக்கே தெரிந்திருக்காது. அடுத்த வருஷம் அவர்கள் மாடம்பாக்கத்தில் சொந்த வீடு கட்டிக்கொண்டு போனார்கள். கிரகப் பிரவேசத்துக்கு அப்பா மட்டும் போய்வந்தார். அப்பா அதன்பிறகு பம்பாய் போகவில்லை, விமானத்தில் ஏறவுமில்லை. அண்ணன் விடவில்லை. குழந்தையைத் தூக்கிக்கொண்டு அவன் வந்தபோது அது நடக்க ஆரம்பித்திருந்தது, தாத்தாவிடம் வர மாட்டேன் என்று அழுதது.

அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமே அண்ணன் மறுபடி கூப்பிட்டான். அவனுக்குத் தெரிந்த ஒரு டாக்டரிடம் கேட்டானாம், டாக்டர் சில விவரம் கேட்கச் சொன்னாராம். வலி எந்தப் பக்கம் வந்தது, கைக்கு இறங்கியதா, வேர்த்ததா. அப்பா ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றார். தெரியாத கேள்விக்குப் பதில் தேடுகிற மாணவனைப்போலக் கொஞ்ச நேரம் யோசித்தார்.

"இடது பக்கம்தான்பா" என்றார்.